கையை எடுக்கும் நேரம்

பிரயாசை வீண் போகாது என்று நமக்குச் சிறு வயது முதலே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். வீட்டில் தாத்தா சொன்னார். கதை எழுத ஆரம்பித்த பிறகு நானே என் பாத்திரங்களின் வாயில் அந்த வாக்கியத்தைப் பல தடவை வைத்திருக்கிறேன். ஒரு காரியம் நன்றாக வர வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பாடுபட வேண்டும்; அப்போதும் வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் நாற்பத்தாறு வயது வரையில் இருந்தேன். சந்தேகம் வந்தது சமையலறையில். அதைக் கொண்டு வந்தது ஒரு தட்டு மைதா மாவு.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். இங்கிலாந்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் அக்காதான். ஊருக்கு வரும்போது அவர் கொண்டு வந்த சாமான்களில் எனக்குத் தெரிந்து நிலைத்து நின்றது ஒரு பலகாரம். ஸ்கோன் என்று பெயர். பெயரைச் சொல்வதிலேயே அந்த நாட்டாருக்குள் ஒற்றுமை கிடையாதாம். பாதிப் பேர் 'ஸ்கான்' என்பார்களாம். ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு பதம். அக்கா அதில் கமலாப் பழத் தோலைச் சீவிப் போடுவார். மேலே பழச்சாற்றில் குழைத்த பொடிச் சர்க்கரையை வெள்ளையாக வார்த்துவிடுவார். என் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில், எதிர் வீட்டிலிருந்து அந்த மணம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவாள்.

அந்தப் பெண் இப்போது சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சென்ற வருஷம் விடுமுறைக்கு வரப்போகிறாள் என்று கடிதம் போலக் கைப்பேசியில் இரண்டு வரி வந்தது. அவள் வருகிற அன்று அந்த ஸ்கோனை நானே செய்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டாயிற்று. அவளுக்கும் எனக்கும் நடுவில் பேச்சு குறைந்து போயிருந்த சமயம் அது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அக்காவிடம் செய்முறையைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். இரண்டு கப் மைதா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் எண்பது கிராம். அதைத் துண்டு துண்டாக நறுக்கி மாவில் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். ஒரு பழத்தின் தோல். கடைசியில் குளிர்ந்த பால் அரைக் கப், பார்த்துப் பார்த்து. ஓவனை இருநூறு டிகிரிக்குக் காய வைத்து, பதினைந்து நிமிஷம். இவ்வளவுதான். ஒரு சிறுகதை எழுதுகிற சிரமத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதில் இல்லையே என்று நினைத்தேன்.

ஒத்திகையாக ஒரு நாள் முன்னதாகவே ஆரம்பித்தேன். பாலை விட்டதும் மாவு திப்பி திப்பியாக, சேர்ந்தும் சேராமலும் நின்றது. அதைப் பார்க்கவே எனக்கு அவமானமாக இருந்தது. பூரிக்குப் பிசைவதைப் போல உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தேன். பத்து நிமிஷத்தில் மாவு குழந்தையின் கன்னம் மாதிரி வழவழப்பாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அந்த நேரம் பார்த்து அக்கா பின்கட்டு வழியாக உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, மாவோட மல்லுக்கா நிக்கிய? கைய எடுங்க, கைய எடுங்க!"

"இப்பத்தானே அக்கா பதமா வந்திருக்கு?"

"பதம் வந்து தாண்டிப் போயிட்டு" என்றார் அக்கா.

அவர் சொன்னது ஓவனிலிருந்து எடுத்த பிறகு தெரிந்தது. வெளியே வந்தவை எட்டுக் கூழாங்கற்கள். உயரமும் இல்லை, உதிர்வும் இல்லை. என் மனைவி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடு, "மணம் நன்றாயிருக்கிறது" என்றாள்.

ஏன் இப்படி ஆயிற்று? கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட என் ரசாயனப் படிப்பைத் தூசி தட்டி எடுத்தும், புஸ்தகங்களைப் புரட்டியும் நான் தெரிந்துகொண்டது இது. கோதுமையில் குளுட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. பிசையப் பிசைய அந்த வலை இறுகுகிறது. நாம் வழவழப்பு என்று மெச்சிக்கொள்வது அந்த இறுக்கத்தைத்தான். போதாததற்கு, கையின் சூட்டில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடுகிறது. வெண்ணெய் கட்டியாகவே ஓவனுக்குள் போனால்தான், அங்கே உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி, அடுக்கு அடுக்காக மாவைப் பிரித்துத் தூக்கும். ஆக நான் என்ன செய்திருக்கிறேன்? என் கையின் வலுவால் ஒரு கெடுதலும், என் கையின் வெதுவெதுப்பால் இன்னொரு கெடுதலும். இரண்டையும் ஆசையோடு செய்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. அசிரத்தையால் கெட்டுப்போனால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த கூலி என்று வைத்துக்கொள்ளலாம். அக்கறையால் கெட்டுப்போனால் யாரை நோவது? அன்பு மிகுந்து ஒரு காரியம் பாழாகுமானால், அந்த மிகுதி அன்பைச் சேர்ந்ததா, வேறு எதையாவது சேர்ந்ததா?

இப்போது என் பெண்ணின் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அவள் பதினெட்டு வயதில் ஒரு கதை எழுதினாள். என் தாயாரைப் பற்றியது. கண் மங்கிய கிழவி ஒருத்தி, அரிசியில் கல் பொறுக்குவதாகச் சொல்லிக்கொண்டு வெறும் முறத்தைத் தடவிக்கொண்டிருப்பதுதான் கதை. எனக்குப் படிக்கக் கொடுத்தாள். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. அன்று ராத்திரி இரண்டு மணி வரையில் விழித்திருந்து அந்தக் கதையைத் திருத்தினேன். வாக்கியங்கள் தட்டுத் தடுமாறி நின்றன, ஓட வைத்தேன். ஆரம்பம் மெதுவாக இருந்தது. முடிவிலிருந்து ஒரு பகுதியை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு சொல்லை மூன்று இடத்தில் சொல்லியிருந்தாள், இரண்டை மாற்றினேன். காலையில் அவளிடம் கொடுத்தபோது, இருபது வருஷத்து அனுபவத்தை ஒரே ராத்திரியில் அவளுக்கு எழுதி வைத்துவிட்ட பெருமிதம் எனக்கு.

அவள் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா இது உங்க கதை" என்றாள். அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. அந்தக் காகிதங்களை ஒழுங்காக மடித்து வைத்தாள். பிறகு இரண்டு வருஷம் அவள் எதுவும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. எழுதியிருந்தாலும் என்னிடம் காட்டவில்லை.

அந்த இரண்டு வருஷமும் நான் எனக்குள் சொல்லிக்கொண்ட சமாதானம், 'நல்லதைத்தானே செய்தேன்' என்பது. ஓவனிலிருந்து எட்டுக் கூழாங்கற்களை எடுத்து வைத்த அன்றுதான், நல்லதைச் செய்கிற கையை எப்போது எடுப்பது என்ற பாடம் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் பள்ளி ஆசிரியர். "அப்படியானால் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டியதுதான் என்கிறீரா? கண்டிக்காமல் வளர்ந்த பிள்ளை உருப்பட்டதுண்டா?" என்று சண்டைக்கு வந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் சொல்வது எதுவும் நிற்காது.

முதலாவது, எல்லா மாவுக்கும் ஒரே சட்டம் கிடையாது. அதே மைதாவில்தான் நம் ஊரில் பரோட்டாவும் போடுகிறார்கள். அங்கே மாவை அழுத்திப் பிசைகிறார்கள், எண்ணெயில் ஊறப்போடுகிறார்கள், கல்லில் அடித்து வீசுகிறார்கள். அந்த வலை இறுகியிருந்தால்தான் காகிதம் மாதிரி வீசினாலும் கிழியாமல் விரியும். பரோட்டா மாஸ்டரிடம் போய், 'மாவைத் தொடாதே, அது மென்மையானது' என்று சொல்கிறவன் தத்துவஞானி அல்ல, பைத்தியக்காரன். நாகஸ்வரம் கற்கிறவனுக்கு விடியற்காலைச் சாதகம் வேண்டும், திட்டும் வேண்டியிருக்கலாம். ஆகவே கடுமை நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. இந்த மாவு என்னவாகப் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். நான் என் பெண்ணைக் கேட்கவில்லை. நானாகவே அவள் கதை என் கதையாகப் போகிறது என்று தீர்மானித்துவிட்டேன்.

இரண்டாவது, கையை எடுப்பது வேறு, கையை விரிப்பது வேறு. அக்கா ஸ்கோன் செய்வதை அதற்குப் பிறகு பக்கத்தில் நின்று பார்த்தேன். மாவைச் சேர்க்கிற வேலை அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எவ்வளவு சிரத்தை! வெண்ணெய் இளகாதபடி கிண்ணத்தைக்கூட ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார். அச்சை மாவில் அழுத்தும்போது நேராக அழுத்தி நேராக எடுத்தார். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றார். பழத்தோலைச் சீவும்போது நிறமுள்ள மேல் தோலோடு நிறுத்தினார். மணம் அந்த மெல்லிய தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசப்பு. இன்னும் ஒரு தடவை தேய்த்தால் இன்னும் கொஞ்சம் மணம் கிடைக்கும் என்கிற பேராசைக்குக் கூலியாகக் கிடைப்பது அந்தக் கசப்புத்தான். ஓவனில் வைத்த பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அலட்சியக்காரனும் மாவைத் தொடாமல்தான் இருக்கிறான். அக்காவும் தொடாமல்தான் இருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ஒருவன் பார்க்காமல் இருக்கிறான்; மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இந்தப் பலகாரத்தின் சரித்திரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்கோன் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டுக் கவிஞர் கவின் டக்ளஸ் 1513-ல் லத்தீன் காவியம் ஒன்றைத் தம் மொழியில் பெயர்த்தபோது, அதில் இந்தச் சொல் வருகிறது. அந்தக் காலத்து ஸ்கோன் ஓட்ஸ் மாவிலோ வாற்கோதுமை மாவிலோ தட்டி, நம் தோசைக் கல்லைப் போன்ற இரும்புக் கல்லில் சுட்ட தட்டையான ரொட்டி. அது இன்று போல் எழும்பி நிற்பதற்குக் காரணமான பேக்கிங் பவுடர் எப்படி வந்தது தெரியுமா? பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவிக்கு முட்டையும் ஆகாது, ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்டும் ஆகாது. அவர் 1837-ல் முட்டை இல்லாத கஸ்டர்டையும், 1843-ல் ஈஸ்ட் இல்லாமலே மாவை எழுப்புகிற பேக்கிங் பவுடரையும் செய்தார்.

இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மனைவிக்கு ஒரு பொருள் ஆகவில்லை என்றால், 'கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகு' என்று சொல்கிற கணவன்மார்கள் எத்தனை பேர்! அது அக்கறையோடு சொல்கிற வார்த்தைதான். பேர்ட் மனைவியைத் திருத்தப் புறப்படவில்லை. அவளை அவள் இருக்கிறபடி விட்டுவிட்டு, அவளுக்கு ஏற்றபடி ரொட்டியைத் திருத்தினார். உழைப்பு அங்கேயும் உண்டு. சொல்லப்போனால் அதிகமாகவே உண்டு. ஆனால் அது விழுந்த இடம் வேறு.

இப்போது என் கேள்விக்கு எனக்குத் தோன்றுகிற பதிலைச் சொல்கிறேன். அன்பு மிகையாவதில்லை. மிகையாகத் தோன்றுவதில் பெரும்பகுதி நம்முடைய சொந்தத் தேவை. திப்பி திப்பியாக நிற்கிற மாவைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அந்தக் கரடுமுரடு மாவுக்கு வேண்டியிருந்தது. எனக்குத்தான் வேண்டாததாக இருந்தது. அதைப் போக்கிக்கொள்வதற்காகப் பிசைந்தேன். மாவுக்காகப் பிசைகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என் பெண்ணின் வாக்கியங்கள் தட்டுத் தடுமாறியபோதும் அப்படித்தான். அந்தக் கிழவி முறத்தைத் தடவுகிற மாதிரி அவள் வாக்கியங்களும் தடவிக்கொண்டு போயின. அது குறையா, கதையின் உயிரா என்று நின்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. என் கைக்கு வேலை வேண்டியிருந்தது. அவளுக்கு நான் வேண்டியவன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பெற்றவர்களும், ஆசிரியர்களும், கணவன் மனைவியரும் ஓர் உதவியில் இறங்குமுன் தங்களைக் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி ஒன்றுண்டு என்று நினைக்கிறேன். 'நான் கையை எடுத்துவிட்டால் நஷ்டம் அதற்கா, எனக்கா?' இதற்கு உண்மையான பதில் சொல்வது சுலபமல்ல. சும்மா இருத்தலை நம் ஞானிகள் பெரிய சாதனையாக வைத்ததற்கு அர்த்தம், வேலை செய்யாதிருப்பது சிரமம் என்பதல்ல. வேலை செய்கிற 'நான்' ஓய்ந்திருப்பது சிரமம் என்பதுதான்.

மாவுக்கு அளவு சொல்லலாம். மனிதர்கள் விஷயத்தில் எழுதி வைத்த அளவு கிடையாது என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அடையாளம் இருக்கிறது. இறுகிய மாவு விரலால் அழுத்தினால் திருப்பித் தள்ளுகிறது. மனிதர்களும் இறுகும்போது தள்ளத்தான் செய்கிறார்கள். பண்புள்ளவர்கள் மௌனத்தால் தள்ளுகிறார்கள். 'நல்லா இருக்குப்பா' என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைப்பது அந்தத் தள்ளல்தான். நான்தான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

மேலே வார்க்கிற சர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கப் பொடிச் சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டி பழச்சாறு விட்டுக் குழைத்தால் போதும். ஆனால் ஸ்கோன் ஆறிய பிறகுதான் அதை வார்க்க வேண்டும். சூட்டோடு வார்த்தால் இளகி வழிந்து தட்டுக்குப் போய்விடும். இரண்டாம் தடவை எனக்கு அதிலும் அவசரம். ஒருவர் மனம் வெந்து கொதித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நாம் சொல்கிற இனிப்பான வார்த்தைகளுக்கும் இதே கதிதான். வார்த்தையில் குற்றமில்லை, ஆற விடாதது குற்றம். அன்றியும், உள்ளே கல்லாகிப் போனதை மேல் பூச்சு மறைக்குமே தவிர மாற்றாது. மன்னிப்புக் கேட்கிற இடத்தில் பாராட்டிச் சமாளிக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். நான் அந்த வேலையையும் செய்து பார்த்தவன்தான்.

என் பெண் வந்தாள். மூன்றாவது தடவையாகச் செய்த ஸ்கோன் தட்டில் இருந்தது. மேலெல்லாம் வெடிப்பும் மேடுமாக, பார்க்க அழகில்லாமல்தான் இருந்தது. ஒன்றை எடுத்துப் பிட்டாள். இரண்டாகப் பிரிந்து உதிர்ந்தது. "அக்கா வீட்டு ஸ்கோனா?" என்றாள். "இல்லை, நான் செய்தது" என்றேன். நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு இன்னொன்று எடுத்துக்கொண்டாள். கதையைத் திருத்தியது தப்பு என்று அன்று அவளிடம் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை.

ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு நோட்டுப் புஸ்தகம் இருந்தது. அவளுடையது. அன்று பூராவும் அது அங்கேயே இருந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேனே தவிரத் தொடவில்லை. மறுநாள் காலையில் அவளே கேட்டாள்.

"படிக்கலையாப்பா?"

"நீ சொன்னால் படிக்கிறேன்."

"படிங்க. ஆனா பேனாவை எடுக்கக் கூடாது."

படித்தேன். அதே கிழவியின் கதைதான், புதிதாக எழுதியிருந்தாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வாக்கியம் சரியாக நிற்கவில்லை என்று எனக்குப் பட்டது. என் சட்டைப் பையில் பேனா இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரையில் படித்தேன். முடித்ததும், வெறும் முறத்தில் கிழவியின் விரல் நிற்கிற இடத்தில் என் தாயாரையே பார்த்ததாகச் சொன்னேன். அது உண்மை.

"மூணாம் பக்கத்துல ஏதோ இடறுது, இல்லையாப்பா?" என்றாள் அவள்.

"ஆமாம்" என்றேன். "என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?"

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.